வாடகை வீட்டு கேஸ் பாய்லர்: சோதனை, சர்வீஸ், ரிப்பேர் யார் பொறுப்பு?

பிரிட்டனில் வாடகைக்குக் குடியிருப்பவர்களும் வாடகைக்கு விடுபவர்களும் பாய்லர் பற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் பொதுவான அடிப்படை 1998-ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகள். அதில் 36-ஆம் விதிதான் வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்துகிறது. வட அயர்லாந்துக்குத் தனி விதிகள் உண்டு. ரிப்பேர், வாடகை ஒப்பந்தம் தொடர்பான பதில்கள், வேறு குறிப்பு இல்லாத இடங்களில், இங்கிலாந்துக்கானவை.

வருஷா வருஷம் கேஸ் சர்டிபிகேட் எடுக்கிறேன். அப்படியானால் பாய்லர் சர்வீஸ் ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தத் தொழிலில் அதிகமாகக் குழப்பிக்கொள்ளப்படும் விஷயம் இதுதான். சர்டிபிகேட், அதாவது ஊர் வழக்கில் சி.பி.12, பாய்லர் அன்றைக்குப் பாதுகாப்பாக ஓடியது என்பதற்கான பதிவு மட்டுமே. சர்வீஸ் என்பது அது அடுத்த வருஷமும் ஒழுங்காக ஓடுவதற்குச் செய்யும் வேலை.

36-ஆம் விதி இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. ஒன்று, பாய்லர், ஃப்ளூ எனப்படும் புகை வெளியேறும் குழாய், கேஸ் குழாய் எல்லாவற்றையும் பாதுகாப்பான நிலையில் பராமரிக்க வேண்டும். இரண்டு, பாய்லரையும் ஃப்ளூவையும் 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் சோதிக்க வேண்டும். பராமரிப்பது எப்படி என்பதற்கு பாய்லர் கம்பெனியின் கையேடுதான் அளவுகோல். கையேட்டில் எதுவும் சொல்லவில்லை என்றால், வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்வதே முறை என்கிறது எச்.எஸ்.இ. எனப்படும் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகத்தின் வழிகாட்டுதல். ஆகவே சர்டிபிகேட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு "என் கடமை முடிந்தது" என்று சொல்ல முடியாது.

சோதனையில் என்ன பார்க்கிறார்கள், சர்வீஸில் என்ன செய்கிறார்கள்?

சோதனையில் சட்டம் கேட்பது நான்கு: ஃப்ளூ சரியாக இழுக்கிறதா, எரிவதற்கு வேண்டிய காற்று வருகிறதா, கேஸ் அழுத்தம் அல்லது வெப்ப அளவு கம்பெனி சொன்னபடி இருக்கிறதா, பாதுகாப்புக் கருவிகள் வேலை செய்கின்றனவா. மீட்டரில் நேச்சுரல் கேஸின் அழுத்தம் சாதாரணமாக 21 மில்லிபார் அளவில் இருக்கும். மீட்டரிலிருந்து பாய்லருக்குள் போவதற்குள் 1 மில்லிபாருக்கு மேல் குறைந்தால் குழாயின் அளவு போதவில்லை என்று அர்த்தம். பழைய சாதாரண பாய்லரைக் கழற்றிவிட்டு அதே 15 மில்லிமீட்டர் குழாயில் ஹீட்டிங்கும் உடனடிச் சுடுதண்ணீரும் தரும் பெரிய காம்பி பாய்லரை மாட்டிய வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

கேஸ் குழாய்க்கு ஆண்டுச் சோதனை சட்டப்படி கட்டாயம் அல்ல, பராமரிப்புதான் கட்டாயம். ஆனாலும் மீட்டரை மூடி, ஒரு நிமிடம் நிலைப்படுத்தி, இரண்டு நிமிடம் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கும் கசிவுச் சோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். மூன்று நிமிட வேலையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சர்வீஸில் வேலை அதிகம். ஃப்ளூவில் அனலைசரைச் செருகி கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். புகையின் வெப்பத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் கண்டென்சிங் பாய்லரில் அது பொதுவாக 0.004-ஐத் தாண்டக் கூடாது. அந்தந்த மாடலின் எல்லை கையேட்டில் இருக்கும். அது சரியில்லை என்றாலோ, இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை திறக்கச் சொல்லிக் கையேட்டில் இருந்தாலோ பர்னர் கதவைத் திறந்து, தீயின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைச் சுத்தம் செய்வார்கள். தீப்பொறி தரும் எலெக்ட்ரோடின் இடைவெளியைச் சரிபார்ப்பார்கள். திறந்த கதவின் 'சீல்' என்ற அடைப்பைப் பல மாடல்களில் புதிதாகப் போட வேண்டும். பழையதையே திரும்ப வைத்து மூடினால் எரிந்த வாயு பாய்லர் பெட்டிக்குள் கசியும்.

புகை குளிர்ந்து உண்டாகும் தண்ணீர் சேரும் கண்டென்சேட் டிராப் என்ற சிறு கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி, தண்ணீர் நிரப்பி மாட்ட வேண்டும். அதில் சேறு அடைத்தால் தண்ணீர் பின்வாங்கி பாய்லர் தானாக நின்றுவிடும். மேக்னெட்டிக் ஃபில்டர் இருந்தால் அதில் ஒட்டிய கருப்புத் துருவைக் கழுவ வேண்டும். சூடேறும் தண்ணீர் விரிய இடம் தரும் எக்ஸ்பான்ஷன் வெசல் என்ற கலனின் காற்றழுத்தத்தையும் பார்க்க வேண்டும். இருபது நிமிடத்தில் வந்து போனவர் இதையெல்லாம் செய்திருக்க முடியாது.

சர்வீஸ் ஆனதற்கு என்ன ஆதாரம் கேட்கலாம்?

பாய்லரோடு வந்த பெஞ்ச்மார்க் என்ற சர்வீஸ் பதிவுப் புத்தகத்தில் அந்த வருஷத்துப் பக்கம் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். அனலைசர் அச்சிட்ட சின்னத் துண்டுச் சீட்டை அதோடு இணைத்து வைப்பது நல்லது. பல கம்பெனிகள் 7, 10 வருஷம் என்று வாரண்டி தருகின்றன. ஆண்டு சர்வீஸ் தவறினால் அந்த வாரண்டி செல்லாது என்பது வழக்கமான நிபந்தனை. சர்வீஸில் மிச்சம் பிடித்தவர் ஆறாம் வருஷம் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கைக்காசில் வாங்க நேரிடும். கணக்குப் பார்க்கும் வீட்டுக்காரருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சர்டிபிகேட்டில் என்னென்ன இருக்க வேண்டும்? எப்போது கையில் கிடைக்க வேண்டும்?

சோதித்த தேதி, வீட்டு முகவரி, வீட்டுக்காரர் அல்லது ஏஜென்ட்டின் பெயரும் முகவரியும், எந்தெந்த கேஸ் கருவி எங்கே இருக்கிறது, என்ன குறை, அதற்கு என்ன செய்யப்பட்டது, இன்ஜினியரின் பெயர், கையெழுத்து, பதிவு எண். குடியிருப்பவருக்குச் சோதனை நடந்த 28 நாளுக்குள் நகல் தர வேண்டும். புதிதாகக் குடிவருபவருக்கு உள்ளே வருவதற்கு முன்பே தர வேண்டும். அடுத்த இரண்டு சோதனைகள் முடியும் வரை பழைய பதிவைப் பத்திரமாக வைத்திருங்கள். கீழே சொல்லும் தேதிச் சலுகைக்கு அது வேண்டியிருக்கும்.

முன்கூட்டியே சோதித்தால் ஒவ்வொரு வருஷமும் கெடு தேதி இன்னும் முன்னதாக வந்துகொண்டே இருக்குமா?

முன்பு அப்படித்தான் இருந்தது. 2018 ஏப்ரல் 6 முதல் காருக்கு வருஷா வருஷம் செய்யும் எம்.ஓ.டி. சோதனை போல மாற்றினார்கள். கெடு முடிவதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் சோதித்தால் பழைய கெடு தேதியே தொடரும். உதாரணமாக, கெடு 2026 செப்டம்பர் 20. ஜூலை 25-ல் சோதித்தால் அடுத்த கெடு 2027 செப்டம்பர் 20. அவசரப்பட்டு ஜூலை 10-ல் சோதித்தால் அடுத்தது 2027 ஜூலை 10. அந்த இரண்டு மாத இடைவெளி, கதவு திறக்காத குடித்தனக்காரரிடம் மூன்று முறை முயன்று பார்ப்பதற்கும் இடம் தருகிறது. கடைசி வாரத்தில் இன்ஜினியரைத் தேடுகிறவருக்கு அந்த வசதி இல்லை.

"தெரிந்த பையன்" ஒருவர் பிளம்பிங் எல்லாம் செய்வார். அவரை வைத்துச் செய்யலாமா?

கேஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் பட்டியலான கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் அவர் இருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் அவர் செய்வதும் குற்றம், நீங்கள் செய்யவைப்பதும் குற்றம். 2009 ஏப்ரல் 1-ல் கார்கி என்ற பழைய பட்டியலுக்குப் பதிலாக வந்தது கேஸ் சேஃப். இன்றைக்கும் கார்கி அட்டையைக் காட்டுகிறவரை நம்ப வேண்டாம். கேஸ் சேஃப் அட்டையில் புகைப்படம், ஏழு இலக்க லைசன்ஸ் எண், முடியும் தேதி இருக்கும். முக்கியமானது அட்டையின் பின்பக்கம். எந்தெந்தக் கருவியைத் தொட அவருக்குத் தகுதி என்று அங்கேதான் எழுதியிருக்கும். குக்கருக்கு மட்டும் தகுதி பெற்றவர் பாய்லர் மூடியைத் திறக்கக் கூடாது. எண்ணை ரெஜிஸ்டரின் இணையதளத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். லண்டனில் நம் ஆட்களுக்குள் வாய்மொழியாகவே வேலைக்கு ஆள் பிடிப்பது வழக்கம். பெயிண்ட் அடிக்க அது சரி, பாய்லருக்குச் சரிவராது.

குடியிருப்பவரே வாங்கி வைத்த கேஸ் குக்கர் யார் பொறுப்பு?

குக்கர் அவர் பொறுப்பு. அதுவரை வரும் குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு.

என் வீட்டிலேயே நான் இருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விடுகிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். லாட்ஜர், பெட்சிட், விடுமுறைக்கு விடும் அறை என எல்லாவற்றுக்கும் 36-ஆம் விதி உண்டு.

இங்கே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முன் ஹாலைத் தடுத்துப் படுக்கையறையாக்கி வாடகைக்கு விடுவது லண்டன் வீடுகளில் சாதாரணம். அந்த ஹாலில் பழைய கேஸ் ஃபயரும் அதன் பின்னால் புகைபோக்கிக்குள் ஒளிந்திருக்கும் பேக் பாய்லரும் இருந்தால் சிக்கல். இவை அறைக் காற்றை எடுத்து எரிபவை. 14 கிலோவாட்டுக்கு மேற்பட்ட கருவி படுக்கையறையில் இருந்தால், வெளியிலிருந்து காற்று எடுக்கும் சீல் செய்யப்பட்ட வகையாகத்தான் இருக்க வேண்டும். 14-க்குள் என்றால் காற்று கெட்டால் தானாக அணைக்கும் கருவியாவது இருக்க வேண்டும். குளியலறையில் சீல் செய்யாத வகை கூடவே கூடாது. 1998 அக்டோபர் இறுதிக்குப் பிறகு படுக்கையறையாக மாறிய எந்த வாடகை அறைக்கும் இந்தத் தடை உண்டு. சர்டிபிகேட் எடுத்தபோது அது ஹாலாக இருந்தது என்ற சமாதானம் எடுபடாது.

ஃபிளாட்டில் ஃப்ளூ சீலிங்குக்குள் மறைந்து போகிறது. இன்ஜினியர் பாய்லரை நிறுத்தச் சொல்கிறார். நியாயமா?

நியாயம்தான். பாய்லர் ஒரு சுவரிலும் ஃப்ளூ முடியும் இடம் வேறு சுவரிலும் இருக்கும் ஃபிளாட்டுகளில் ஃப்ளூ கூரைக்குள் பல மீட்டர் ஓடும். நடுவில் ஓர் இணைப்பு கழன்றால் கார்பன் மோனாக்சைடு மேல்மாடிக்காரர் படுக்கையறைக்குப் போகும். ஆகவே இணைப்புகளைப் பார்க்க, ஒவ்வோர் இணைப்புக்கும் ஒன்றரை மீட்டருக்குள், குறைந்தது 300-க்கு 300 மில்லிமீட்டர் திறப்புகள் வேண்டும். 2013 ஜனவரி 1 முதல், திறப்பு இல்லாத இத்தகைய ஃப்ளூவை "ஆபத்துக்குட்பட்டது" என்று வகைப்படுத்தி, உங்கள் அனுமதியோடு பாய்லரை நிறுத்துவார்கள். திறப்பு வைக்கும் செலவு வீட்டுக்காரருடையது. குளிர்காலத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

"ஆபத்துக்குட்பட்டது", "உடனடி ஆபத்து" இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

உடனடி ஆபத்து என்றால் ஓடவிட்டாலே உயிருக்கு அபாயம். கேஸ் கசிவும், எரிந்த வாயு அறைக்குள் கொட்டுவதும் இதில் சேரும். இணைப்பைத் துண்டிப்பார்கள். ஆபத்துக்குட்பட்டது என்றால் இன்னும் ஒரு குறை சேர்ந்தால் அபாயமாகும். அணைத்து லேபிள் ஒட்டுவார்கள். இரண்டிலும் லேபிளைக் கிழித்துவிட்டு மறுபடி ஓடவிடுவது சட்டமீறல். அதைச் செய்தது குடியிருப்பவராக இருந்தாலும்தான்.

ஹீட்டர் வேலை செய்யவில்லை. எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும்?

1985-ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, ஹீட்டிங்கையும் சுடுதண்ணீரையும் வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை. ஏழு வருஷத்துக்குக் குறைந்த எல்லா வாடகைக்கும் இது உண்டு. ஒப்பந்தத்தில் "பாய்லர் ரிப்பேர் குடியிருப்பவர் செலவு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அந்த வரி செல்லாது. தனியார் வாடகையில் இத்தனை மணி நேரம் என்று எண் இல்லை. "நியாயமான காலம்" என்பதே சட்டம். ஜனவரிக் குளிரில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நியாயமான காலம் என்பது ஓரிரு நாள்தான். பாகம் வர ஒரு வாரம் ஆகும் என்றால் மின் ஹீட்டராவது கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். உள்ளாட்சியான கவுன்சிலின் வீடுகளில் 1994-ஆம் ஆண்டு விதியின்படி அக்டோபர் 31-க்கும் மே 1-க்கும் இடையே ஹீட்டிங் நின்றால் ஒரு வேலை நாள், மற்ற காலத்தில் மூன்று வேலை நாள்.

குறையை எழுத்தில் சொல்லுங்கள். போனில் சொன்னது பின்னால் நிற்காது. வீட்டுக்காரரின் கடமை, அவருக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் தொடங்கும்.

இன்ஜினியரைக் கூப்பிடும் முன் குடியிருப்பவர் எதைப் பார்க்கலாம்?

மூடியைத் திறக்காமல் மூன்று விஷயம் பார்க்கலாம்.

முதலாவது, அழுத்தமானி. ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். பாய்லரின் திரையில் வேலண்ட் கம்பெனியின் மாடல்களில் எஃப்.22, ஐடியல் கம்பெனியின் மாடல்களில் எஃப்.1 என்று காட்டினால் தண்ணீர் குறைவு. அடியில் வெள்ளி நிறப் பின்னல் குழாயாகவோ சாவியாகவோ இருக்கும், தண்ணீர் ஏற்றும் ஃபில்லிங் லூப்பை மெல்லத் திறந்து 1.2 அளவுக்கு ஏற்றி இறுக மூடுங்கள். மூட மறந்தால் 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவரில் தண்ணீர் கொட்டும்.

வாரா வாரம் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது, இல்லையென்றால் எக்ஸ்பான்ஷன் வெசல் காற்றிழந்துவிட்டது. சூடேறும்போது முள் 3-ஐ நெருங்கி, ஆறியதும் பூஜ்யத்துக்கு விழுவது வெசலின் அடையாளம். இன்ஜினியர் பாய்லரின் தண்ணீர் அழுத்தத்தை முழுக்க இறக்கிவிட்டு, வெசலில் 0.75 முதல் 1 பார் வரை காற்றடிப்பார். காற்று வால்வில் தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது. வெசலை மாற்ற வேண்டும். ஆண்டு சர்வீஸில் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் பெரும்பாலும் இந்த நிலை வராது.

இரண்டாவது, உறைபனி இரவுக்குப் பிறகு பாய்லர் நின்று, கொப்பளிக்கும் சத்தம் கேட்டால் வெளியே போகும் கண்டென்சேட் குழாய் உறைந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை அந்தக் குழாய்மேல் ஊற்றி ரீசெட் செய்யுங்கள். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும். வருஷா வருஷம் இதே கதை என்றால் குழாய் மெல்லியதாக இருக்கிறது. வெளியே ஓடும் பகுதி 32 மில்லிமீட்டர் அளவில், உறை சுற்றி இருக்க வேண்டும். மாற்றித் தருவது வீட்டுக்காரர் வேலை.

மூன்றாவது, ப்ரீபெய்டு மீட்டரில் பணம் இருக்கிறதா என்பது. சிரிக்க வேண்டாம். வேலண்டின் எஃப்.28, வூஸ்டர் பாஷின் ஈ.ஏ., ஐடியலின் எல்.2 எல்லாம் தீ பற்றவில்லை என்றுதான் சொல்கின்றன; கேஸே வராவிட்டாலும் அதே எழுத்துதான் வரும்.

கேஸ் வாசனை வந்தாலோ கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ?

எரியும் கருவிகளை அணையுங்கள், ஜன்னல்களைத் திறங்கள், மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வால்வை மூடுங்கள், எல்லோரும் வெளியேறுங்கள். கேஸ் வாசனை இருந்தால் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே நின்று கேஸ் அவசர உதவி எண்ணான 0800 111 999-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம். அவர்கள் வந்து பாதுகாப்பாக்குவார்கள், பாய்லரை ரிப்பேர் செய்ய மாட்டார்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை. வீட்டில் இருக்கும்போது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்து, வெளியே போனால் சரியாவது முக்கிய அறிகுறி. மஞ்சளாகத் தளர்ந்து எரியும் தீயும், கருவியைச் சுற்றிக் கரிப்படிவும் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். தலைச்சுற்றல் இருந்தால் மருத்துவரிடம் "கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம்" என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த அலாரத்தை யார் வைக்க வேண்டும்?

இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், நிலையாகப் பொருத்திய எரிகருவி உள்ள, மக்கள் புழங்கும் ஒவ்வோர் அறையிலும் வீட்டுக்காரர் வைக்க வேண்டும். கேஸ் குக்கர் மட்டும் இதில் சேராது. கெட்டுவிட்டது என்று சொன்னால் அவரே மாற்றித் தர வேண்டும். மீறினால் கவுன்சில் 5,000 பவுண்டு வரை அபராதம் போடலாம். பாய்லரிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தூரத்தில் வையுங்கள், அலமாரிக்குள் வேண்டாம். பின்னால் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். பட்டனை அழுத்தினால் வரும் சத்தம் ஒலிப்பானையும் பேட்டரியையும் சோதிக்கிறது, உள்ளே இருக்கும் சென்சாரை அல்ல.

சோதனைக்குக் குடியிருப்பவர் கதவைத் திறக்க மறுக்கிறார். சாவி என்னிடம் இருக்கிறது, போகலாமா?

பலவந்தமாகப் போகக் கூடாது. 24 மணி நேரத்துக்குக் குறையாத எழுத்து அறிவிப்பு கொடுத்து, நியாயமான நேரத்தில் கேளுங்கள். வேலைக்குப் போகிறவருக்கு சனிக்கிழமை கேட்டுப் பாருங்கள். வந்து திரும்பிய ஒவ்வொரு முறையும் தேதி போட்ட சீட்டைக் கதவில் விட்டு, அதைப் படம் எடுத்து வையுங்கள். எச்.எஸ்.இ. குறைந்தது மூன்று முயற்சிகளையும், இது உங்கள் பாதுகாப்புக்கான சட்டச் சோதனை என்று விளக்கிய கடிதத்தையும் எதிர்பார்க்கும். அதற்கும் மசியாவிட்டால் நீதிமன்ற உத்தரவுதான் வழி.

செலவை வாடகையோடு தனியாக வசூலிக்கலாமா?

கூடாது. 2019 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள டெனன்ட் கட்டணச் சட்டம் இதைத் தடுக்கிறது.

ஏஜென்ட் எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். தவறினால் மாட்டுவது யார்?

ஒப்பந்தத்தில் கேஸ் சோதனையும் பராமரிப்பும் ஏஜென்ட் வேலை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாதது எல்லாம் உங்கள் தலையில். எழுதியிருந்தாலும் சர்டிபிகேட் நகலை நீங்களே வாங்கிப் பாருங்கள். வழக்குப் போடுவது எச்.எஸ்.இ.; அபராதத்துக்கு உச்சவரம்பில்லை, சிறையும் உண்டு. வீட்டு இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம்.

வீட்டுக்காரர் சர்டிபிகேட்டே தரவில்லை. வாடகையை நிறுத்தலாமா?

வேண்டாம். பாக்கி வைத்தால் வெளியேற்ற அவருக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகும். முதலில் எழுத்தில் கேளுங்கள். பிறகு எச்.எஸ்.இ.-யின் எல்.ஜி.எஸ்.ஆர்.1 படிவத்தை நிரப்புங்கள். சர்டிபிகேட் இல்லாத வீடுகளுக்கென்றே உள்ளது அது. ஹீட்டிங் ரிப்பேர் என்றால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்குப் போங்கள். கடுங்குளிரை வீட்டு அபாயமாகக் கணக்கிட்டு அவர்கள் நோட்டீஸ் கொடுக்கலாம். புகார் சொன்னால் காரணமே இல்லாமல் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்ற பழைய பயத்துக்கு இங்கிலாந்தில் இனி அடிப்படை குறைவு: 2025-ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, அப்படிக் காலி செய்யச் சொல்லப் பயன்பட்ட பழைய 21-ஆம் பிரிவு நோட்டீஸ் 2026 மே 1 முதல் தனியார் வாடகையில் இல்லை.

புது பாய்லர் மாட்டினால் என்ன தாள்கள் கேட்க வேண்டும்?

நிரப்பிய பெஞ்ச்மார்க் பக்கம், வாரண்டிப் பதிவு, கட்டட விதி இணக்கச் சான்று மூன்றும். கடைசியானது இன்ஜினியர் கேஸ் சேஃபில் 30 நாளுக்குள் பதிவு செய்தால் தபாலில் வரும். வராவிட்டால் பின்னால் வீட்டை விற்கும்போது வக்கீல் கேட்பார்.

ஒருவர் காலி செய்து அடுத்தவர் வரும் இடைவெளியில்?

சர்டிபிகேட் இன்னும் எட்டு மாதம் இருந்தாலும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். போனவர் தன் குக்கரைக் கழற்றி எடுத்துப்போய், குழாய் முனையை மூடாமல் விட்டிருக்கலாம். காற்றுத் துவாரத்தைக் குளிருக்குப் பயந்து துணியால் அடைத்திருக்கலாம். பாய்லர் இருக்கும் அலமாரியில் பெட்டிகளை அடுக்கி, சுற்றிலும் கையேடு சொல்லும் இடைவெளி இல்லாமல் ஆக்கியிருக்கலாம். மூன்றும் புதியவர் சாவி வாங்கும் முன் சரியாக வேண்டியவை.